நுரை சொல்லும் கணக்கு

வரவேற்பறையில் ஒரு துண்டுக் கடலை வைத்துக்கொள்ளும் ஆசை பெருநகரங்களில் பலரைப் பிடித்திருக்கிறது. அந்தக் கடலைக் காப்பாற்றுவது விலை உயர்ந்த கருவி அல்ல. எந்தக் கழிவை எது நீக்கும் என்ற தெளிவுதான்.

ஒரு சிறிய அக்ரிலிக் கோப்பை. அதற்குள் கடுங்காப்பி நிறத்தில் ஒரு திரவம். மூடியைத் திறந்தால் சாக்கடை வாடை. வீட்டில் மற்ற எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, ஒருவர் மட்டும் அதைத் திருப்தியோடு பார்த்துவிட்டுக் கழிவறையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார். கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கும் காட்சி இது. கோப்பை நிறைந்தால் நிம்மதி. நாள்கணக்கில் காலியாகவே இருந்தால் கவலை. அந்தக் கோப்பையைத் தலையில் சுமந்து நிற்கும் கருவிக்குப் பெயர் புரோட்டீன் ஸ்கிம்மர்.

நன்னீர் வண்ண மீன் வளர்ப்பு இந்தியாவுக்குப் பழகிய பொழுதுபோக்கு. சென்னை கொளத்தூரின் மீன் கடைகளும் கொல்கத்தா காலிஃப் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் அதற்குச் சாட்சி. கடல்மீன் வேறு ரகம். நன்னீர்த் தொட்டியில் செய்யும் தவறைக் குழாய்த் தண்ணீரை மாற்றிச் சமாளிக்கலாம். கடல்நீர்த் தொட்டியில் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 35 கிராம் உப்பு வேண்டும். அதுவும் சமையல் உப்பு அல்ல. கால்சியம், மக்னீசியம் உள்ளிட்டவை உரிய அளவில் கலந்த தனி உப்பு. கடலோர மீன்காட்சியகத்துக்குக் கடல்நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெங்களூரில் ஆறாவது மாடியில் இருப்பவருக்கு ஒவ்வொரு வாளியும் செலவு.

எனவே புதிதாகத் தொட்டி வைப்பவர் கடைக்குப் போய்க் கேட்கும் முதல் கேள்வி, 'எந்த ஸ்கிம்மர் நல்லது?' விலை சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தொடும் என்பதால் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தொட்டிக்குள் போகும் தீனி, கழிவாகி எந்த வழியில் வெளியே வரப்போகிறது?

வரவு அதிகம், செலவு குறைவு

மீன் தின்ற தீனி, தின்னாமல் மிஞ்சிய தீனி, மீனின் கழிவு எல்லாம் கடைசியில் அமோனியாவாகின்றன. மீனுக்கு அது விஷம். பாறையிலும் மணலிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்காமல், தொட்டி நிரம்பிய மறுநாளே மீனை விடுவதுதான் பெரும்பாலான மரணங்களின் காரணம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கிம்மரும் அந்த வாரங்களைச் சுருக்கித் தராது.

நைட்ரேட்டில் வேறு சிக்கல். அதன் விஷத்தன்மை குறைவு. ஆனால் அது தானாக எங்கும் போவதில்லை. தீனி போடப் போடச் சேர்ந்துகொண்டே இருக்கும். பாசி மண்டும், பவள உயிர்கள் சுருங்கும். தண்ணீர் மாற்றினால் குறையும், ஆனால் கணக்கு ஏமாற்றும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தொட்டியில் பத்தில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றினால் அது 36 ஆகும். அடுத்த வாரத்துக்குள் தீனி அந்த 4ஐத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஸ்கிம்மரின் அருமை இங்கேதான் தெரிகிறது. மற்ற வடிகட்டிகள் அழுக்கைப் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கும்; சுத்தம் செய்யாவிட்டால் அது அங்கேயே அழுகும். ஸ்கிம்மர் அழுக்கு அமோனியாவாக மாறுவதற்கு முன்பே அதைத் தண்ணீரிலிருந்து பிரித்து வெளியே வைத்துவிடுகிறது.

குமிழின் வேலை

2019 டிசம்பரில் சென்னை மெரினா, பட்டினப்பாக்கம் கடற்கரைகளில் நாள்கணக்கில் வெண்நுரை பொங்கியதும், குழந்தைகள் அதில் விளையாடியதும் பலருக்கு நினைவிருக்கும். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நுரை சாலை வரை வந்து போக்குவரத்தையே மறித்திருக்கிறது. அங்கெல்லாம் கழிவுநீரும் சோப்பும் சேர்ந்து செய்த வேலை அது. சோப்பு இல்லாமலே அதே வேலையைத் தொட்டியில் செய்ய முடியும். புரதம், கொழுப்பு போன்ற பொருள்களின் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரை விரும்பும். மறுமுனை தண்ணீரைக் கண்டு ஒதுங்கும். காற்றும் நீரும் சந்திக்கும் இடம் கிடைத்தால் இவை அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். காற்றுக் குமிழின் மேற்பரப்பு அப்படிப்பட்ட இடம்.

ஒரு பெரிய குமிழைவிட, அதே அளவு காற்றில் உருவான ஆயிரம் சிறு குமிழ்களுக்கு மேற்பரப்பு அதிகம். உப்பு நீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று எளிதில் சேர்ந்துவிடுவதில்லை. பால்போல் பொடியாகவே நிற்கும். நன்னீரில் அவை உடனே கூடிப் பெரிதாகிவிடும். நன்னீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் சரிப்படாததற்கு இதுவே காரணம்.

எனவே ஒரு ஸ்கிம்மரிடம் எதிர்பார்க்க வேண்டியவை மூன்று. குமிழ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பொடியாக இருக்க வேண்டும். அழுக்குநீரும் குமிழும் கூடியவரை நீண்ட நேரம் சேர்ந்திருக்க வேண்டும். மேலே எழும் நுரை கலங்காமல் ஏறிக் கோப்பைக்குள் விழ வேண்டும். கருவியில் செய்யும் மாற்றம் எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றுக்கு உதவ வேண்டும். உதவாத மாற்றம் வெறும் அலங்காரம்.

கை வைக்கும் முன்

இன்று பரவலாக விற்பவை ஊசிச் சக்கர வகை ஸ்கிம்மர்கள். பம்பின் வாயில் ஒரு காற்றுக்குழாய் இருக்கும். நீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும் பம்ப், முள்முள்ளான சக்கரத்தால் காற்றைப் பொடியாக நறுக்கி உருளைக்குள் தள்ளும். மலிவான கருவியில் உருளை குறுகலாக இருக்கும், பம்ப் இழுக்கும் காற்று குறைவாக இருக்கும், நீர்மட்டத்தைச் சரிசெய்யும் வசதி மோசமாக இருக்கும். முதல் குறைக்குப் பரிகாரம் இல்லை. மற்ற இரண்டையும் திருத்தலாம்.

செலவே இல்லாத திருத்தம், ஸ்கிம்மர் நிற்கும் தண்ணீரின் ஆழத்தைச் சீராக்குவது. பெரிய தொட்டிக்குக் கீழே அலமாரியில் இருக்கும் இரண்டாவது தொட்டியை சம்ப் என்பார்கள். ஸ்கிம்மர் அதில்தான் நிற்கும். தண்ணீர் ஆவியாக ஆக சம்பின் மட்டம் இறங்கும். ஸ்கிம்மருக்குள் நுரையும் இறங்கும். நல்ல தண்ணீர் ஊற்றியதும் மட்டம் ஏறும். நுரைக்குப் பதில் தண்ணீரே கோப்பைக்குள் பொங்கும். கருவி சரியில்லை என்று திட்டு வாங்கும் பல ஸ்கிம்மர்களின் உண்மையான குறை இதுதான். சம்புக்குள் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்து, ஸ்கிம்மர் நிற்கும் அறையின் மட்டம் மாறாமல் செய்தால் போதும். மட்டம் அதிகமென்றால் கருவிக்கு அடியில் ஒரு முட்டுப்பலகை.

இரண்டாவது, வெளியேறும் குழாயில் ஒரு கேட் வால்வ். பிளம்பிங் கடையில் கிடைக்கும் பி.வி.சி. வால்வே போதும், உள்ளே உலோகம் இருக்கக் கூடாது. கைப்பிடியைத் திருகித் திருகி மெதுவாக மூடும் வகை வேண்டும். கால் சுற்றுத் திருப்பினாலே மூடிவிடும் பந்து வால்வில் நுணுக்கமான மாற்றம் செய்ய முடியாது. வால்வை மூட மூட உள்ளே நீர்மட்டம் உயர்ந்து, நுரை நீர்த்து, வெளிறிய திரவம் நிறைய வரும். திறந்தால் நுரை காய்ந்து, அடர்ந்த கழிவு குறைவாக வரும்.

மூன்றாவது, காற்றுக்குழாய். உப்புத் திவலை உலர்ந்து குழாயின் உள்வாயை அடைப்பது சகஜம். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான ஆர்.ஓ. நீரை அதன் வழியே இழுக்கவிட்டால் பல 'பழுதான' ஸ்கிம்மர்கள் உயிர்பெற்றுவிடும். ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்ட அறையில் கரியமில வாயு சேரும். அந்தக் காற்றையே ஸ்கிம்மர் இழுத்தால் தொட்டி நீரின் பி.எச். இறங்கும். குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டால் அது ஏறுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். கொசு மருந்துப் புகை அடிக்கும் நேரத்தில் மட்டும் குழாயை உள்ளே இழுத்துக்கொள்ள மறக்கக் கூடாது.

வலைப்பாயும் முள்சக்கரமும்

ஆர்வலர்களிடம் மிகவும் பேர் வாங்கிய மாற்றம் வேறு. பம்பின் முள்சக்கரத்தில் முள்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் சுருள் சுருளான பிளாஸ்டிக் வலையை வட்டமாக வெட்டிப் பொருத்துவது. மேலைநாட்டினர் இதற்குப் பயன்படுத்திய என்காமாட், சாலையோரச் சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்க விரிக்கும் வலைப்பாய். எண்ணற்ற இழைகள் காற்றை முள்ளைவிடப் பொடியாக நறுக்கும். காற்றின் அளவும் கூடும்.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. வலை ஒரு பக்கம் கனத்தால் சக்கரம் ஆடும், தாங்கிகள் தேயும், பம்ப் இரையும். வலை பெரிதானால் பம்ப் சூடேறி, கிளம்பவே மறுக்கும். சுண்ணாம்பும் நத்தைக்குஞ்சும் இழைகளில் சிக்கும் என்பதால் அடிக்கடி கழற்றி வினிகரில் ஊறவைக்க வேண்டும். சிறு வட்டமாகத் தொடங்கி, காற்றின் அளவைப் பார்த்துக்கொண்டே கூட்டுவதுதான் விவேகம். பழைய சக்கரத்தை வெட்டாமல், உதிரியாக இன்னொன்று வாங்கி அதில் சோதிப்பது இன்னும் விவேகம்.

வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று, இந்தியாவில் 50. ஸ்கிம்மர்களில் இருக்கும் சாதாரண ஏ.சி. பம்ப் அங்கே நிமிடத்துக்கு 3,600 முறை சுழலும் என்றால் இங்கே 3,000 முறைதான் சுழலும். உறவினர் கையில் கொடுத்தனுப்பிய அமெரிக்க ஸ்கிம்மருக்கு டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்டேஜைக் குறைக்கலாம். சுழற்சியைக் கூட்ட முடியாது. ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். இங்கு விற்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பம்போ, வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள டி.சி. பம்போ வாங்குவது நல்லது.

மாற்றத்துக்குப் பிறகு கருவியை வாளியில் வெறும் தண்ணீரில் ஓடவிட்டு ஒழுகலைப் பார்க்க வேண்டும். ஒட்டிய பசை நன்றாகக் காய வேண்டும். அதன் பிறகும் முதல் சில நாள்களுக்கு நுரை ஒழுங்காக வராது. உட்சுவரில் மெல்லிய படலம் படியும்வரை காத்திருக்க வேண்டும். கைக்கு எண்ணெயோ கிரீமோ தடவிக்கொண்டு தண்ணீரில் கை விட்டாலும் நுரை சில மணி நேரம் படுத்துவிடும்.

உப்புநீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடம் இது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தொட்டியில் கை வைக்கக் கூடாது. வயர் பிளக்கை விடத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறினால் சொட்டும் நீர் பிளக்குக்குள் போகாது. மின்வெட்டில் மேல்தொட்டி நீர் கொஞ்சம் சம்புக்கு இறங்கும். கரன்ட் வந்ததும் ஸ்கிம்மர் அந்த அதிக மட்டத்தில் பொங்கும். கோப்பையின் அடியில் துளையிட்டு ஒரு பெரிய டப்பாவுக்குக் குழாய் விட்டால் தரை நனையாது. இன்வெர்ட்டரில் முதல் இடம் நீரைச் சுழற்றும் பம்புக்கு. மீனைக் கொல்வது அழுக்கைவிட முந்திக்கொண்டு வரும் ஆக்சிஜன் பற்றாக்குறை.

முப்பது சதவீதம்

இவ்வளவு பாடுபட்டால் ஸ்கிம்மர் எவ்வளவு அழுக்கை எடுக்கும்? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனும் அவரது மாணவர்களும் 2009ல் வெளியிட்ட சோதனை முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. நீரில் இருக்கும் அங்ககக் கார்பனில் ஸ்கிம்மர்கள் எடுத்தது ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம்தான். மீதி குமிழில் ஒட்டாத ரகம். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அசைவதில்லை. சோதித்த கருவிகளுக்கு இடையே பெரிய வித்தியாசமும் இல்லை.

ஸ்கிம்மர் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த 30 சதவீதத்தோடு பாக்டீரியாவையும் நுண்துகள்களையும் அது எடுக்கிறது. நீருக்கு ஆக்சிஜன் தருகிறது. ஆனால் மீதி 70 சதவீதத்துக்கு வேறு ஏற்பாடு இல்லாத தொட்டி, எந்த ஸ்கிம்மரை வைத்தாலும் தேறாது. கருவிக்கு இரட்டை விலை கொடுப்பதைவிட, அந்தப் பணத்தை அந்த ஏற்பாட்டுக்குச் செலவிடுவது புத்திசாலித்தனம்.

யாருக்கு எது?

அந்த ஏற்பாடு தொட்டியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மீன் மட்டும் இருந்தால் ஓரளவு நைட்ரேட் பொறுக்கும். பிளாஸ்டிக் பந்துகளின் மேல் நீரைச் சொட்டவிடும் பழைய முறை வடிகட்டிகூட அமோனியாவை நன்றாகக் கையாளும். ஆனால் அது நைட்ரேட் தொழிற்சாலையாக மாறும் என்பதால் பவள உயிர்கள் உள்ள தொட்டிக்கு ஆகாது.

பவளத் தொட்டிகளுக்கு வழிகாட்டியது ஜெர்மனி. பீட்டர் வில்கென்ஸ், டீட்ரிச் ஸ்டூபர் போன்ற முன்னோடிகள் 1970களில் உருவாக்கியது பெர்லின் முறை. நுண்துளைகள் நிறைந்த பாறை, வலுவான ஸ்கிம்மர், நல்ல வெளிச்சம். பாறையின் வெளிப்புறத்தில் ஆக்சிஜன் உள்ளது. அங்குள்ள பாக்டீரியா அமோனியாவை மாற்றும். உட்துளைகளில் ஆக்சிஜன் இல்லை. அங்குள்ளவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். அதற்கும் முன்பே, 1961ல், இந்தோனேசியாவின் லீ சின் எங் உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழும் மட்டும் வைத்து வளர்த்த தொட்டிகளைப் பற்றி எழுதினார்.

பாசியை எதிரியாகக் கருதாமல் வேலைக்காரனாக்குவது இன்னொரு வழி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி உருவாக்கியது பாசித் திரை வடிகட்டி. பளிச்சென்ற விளக்கின் கீழ் சொரசொரப்பான திரையில் பாசியை வளரவிட்டு, வாரந்தோறும் சுரண்டி எறிய வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசியோடு வெளியே போகும். சம்பில் ஒரு மூலையில் பாசிக்கட்டு வளர்ப்பது இதன் எளிய வடிவம். செலவு ஒரு விளக்கு.

வினிகரோ வோட்காவோ சொட்டுச் சொட்டாக ஊற்றி பாக்டீரியாவைப் பெருக்கி, அவற்றை ஸ்கிம்மரால் எடுக்கும் முறையும் உண்டு. இங்கே ஸ்கிம்மர் கட்டாயம். அளவு மீறினால் பெருகிய பாக்டீரியா ஆக்சிஜனைக் குடித்துவிடும். ஓரிரவில் தொட்டி காலி. புதியவர்களுக்கு இது வேண்டாத விளையாட்டு.

70, 80 லிட்டர் சிறு தொட்டி, இரண்டு சிறிய மீன்கள் என்றால் ஸ்கிம்மரே தேவையில்லை. வாரம் 10 லிட்டர் நீர் மாற்ற 350 கிராம் உப்பு போதும். மலிவான சிறு ஸ்கிம்மர் வாங்கி மல்லாடுவதைவிட இது எளிது. எந்தத் தொட்டியானாலும் துணிப்பை வடிகட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும். துவைக்காத பை அழுக்கை அழுக வைக்கும் பை.

பாறை எங்கிருந்து?

பெர்லின் முறையைப் படித்துவிட்டுக் கடையில் உயிர்ப்பாறை கேட்பவர் ஒரு விஷயத்தை அறிந்திருக்க வேண்டும். 2001ல் பவள இனங்களும் கடல் குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குக் கொடுத்த அதே பாதுகாப்பு அது. 2022ல் அட்டவணைகள் திருத்தி அமைக்கப்பட்ட பின்னும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலான சைட்டிஸில் உள்ள உயிர்களை வைத்திருப்பதையும் அந்தத் திருத்தம் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கல்பவளங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986ல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவிலோ லட்சத்தீவிலோ பெயர்த்தெடுத்த ஒரு பாறைத்துண்டு, வாங்கியவரையும் சிக்கலில் மாட்டும்.

மாற்று இருக்கிறது. உயிரில்லாத உலர்பாறையிலும் நுண்துளைப் பீங்கானிலும் அதே பாக்டீரியா குடியேறும். என்ன, வாரங்களுக்குப் பதில் சில மாதங்கள் ஆகும். மீனுக்கும் மாற்று உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. தொட்டியில் பிறந்த மீனுக்குத் தொட்டித் தீனி பழக்கம். பவளத்திட்டிலிருந்து வலையில் சிக்கி, பிளாஸ்டிக் பையில் பல நூறு மைல் வந்த மீனைவிட அது பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

பவளத்திட்டு ஒன்றிலிருந்து ஒரு மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அதன் கடலுக்கும் பொறுப்பேற்றுக்கொள்கிறார். அந்தப் பொறுப்பில் பெரும்பகுதி கோப்பையைக் கழுவுவது, காற்றுக்குழாயை ஊதுவது, பாசியைச் சுரண்டுவது, வாளியில் உப்பைக் கலக்குவது. எல்லாவற்றுக்கும் மேலாக, தீனி டப்பாவைத் திறக்கும்போது கையை அடக்குவது. ஒரு சிட்டிகை குறைத்துப் போட்ட தீனி, எந்த ஸ்கிம்மரும் எடுக்க வேண்டியிராத அழுக்கு.